குடலில் கண்ட மழை

மார்ச் 6, ஞாயிறு

இன்றும் கிழக்குக் காற்றுதான். கூரைப் பாயைக் காலையில் கட்டினேன், மதியம் பிய்த்துக்கொண்டது, திரும்பவும் கட்டினேன். மகள் தூமேவுக்குத் தாய்ப்பால் அடியோடு நின்றுவிட்டது. அவள் ஒரு பக்கம் அழுகிறாள், பேரன் ஒரு பக்கம் அழுகிறான், நடுவில் உட்கார்ந்து நான் புள்ளி ஆட்டைக் கறக்கிறேன். வீட்டு மாடுகள் வற்றிவிட்டன, இது ஒரு கோப்பைதான் தருகிறது. அந்த ஒரு கோப்பையில்தான் குழந்தை உயிரோடு இருக்கிறான்.

கைப்பேசிக்கு அரசாங்கச் செய்தி வந்தது. இந்தப் பருவத்தில் மழை வழக்கம்போலவோ குறைவாகவோ இருக்கலாமாம். பக்கத்து வீட்டு வாத்தோவுக்குப் படித்துக் காட்டினேன். “இருக்கலாம்னு சொல்றதுக்கு ஒரு ஆபீசாடி ஏலெமா? அந்தச் சம்பளத்தை எனக்குக் குடுக்கச் சொல்லு. நான் தினம் ரெண்டு வேளை சொல்றேன்” என்றாள்.

ஆண்கள் மரத்தடியில் கூடினார்கள். இங்கேயே கிணற்றடியில் இருப்பதா, மாடுகளை ஓட்டிக்கொண்டு மேற்குச் சமவெளிக்குப் போவதா? அங்கே பழைய புல் இருக்கிறது. ஆனால் வழியில் சொட்டுத் தண்ணீர் கிடையாது, மாட்டுக்குத் தெம்பு இருக்கும்போதே கிளம்பினால்தான் உண்டு. மழை இங்கேயே வருமென்றால் அந்தப் பாடு வேண்டாம். மூன்று பருவமாக மழை ஏமாற்றிவிட்டது. மேகம் வரும் திசையும் மாறிவிட்டது, மரம் பூக்கும் மாசமும் மாறிவிட்டது. எதை நம்புவது என்று யாருக்கும் தெரியவில்லை. கடைசியில், ஆட்டை அறுத்து, அதன் குடலில் வரப்போவதைப் படித்து முடிவு செய்வது என்று எழுந்துவிட்டார்கள்.

குடல் பார்ப்பவர் என் மூத்தார், வீட்டுக்காரரின் அண்ணன் மோலு, ஓடைக்கு அந்தப் பக்கத்துக் குடியிருப்பில் இருப்பவர். ஆடு கொடுக்கும் முறை இந்தத் தடவை எங்கள் வீட்டுக்கு. நன்றாக வந்து மாட்டிக்கொண்டது.

மார்ச் 7, திங்கள்

வீட்டில் இருக்கும் ஆடு மூன்று. புள்ளி. சினையாய் ஒன்று. கண்ணில் சீழ் வடியும் குட்டி ஒன்று. மற்றதையெல்லாம் என் வீட்டுக்காரர் தீதா ஒட்டகங்களோடு வடக்கே ஓட்டிப் போயிருக்கிறார். சினை ஆட்டை அறுக்கக் கூடாது, நோஞ்சானும் ஆகாது. இந்த மண்ணில் மேய்ந்ததாக, போன மழைக்கு முன்பிருந்தே மேய்ந்ததாக இருக்க வேண்டும். அப்படியென்றால் புள்ளிதான்.

பக்கத்தில் கேட்கலாம். கேட்டால் என்ன சொல்வார்கள்? “குடல் பாக்குறவரோட தம்பி வீட்டுல ஒரு ஆட்டுக்கு வழியில்லையா?” தீதாவின் மானம் கப்பலேறிவிடும்.

புள்ளியைக் கொடுக்க மாட்டேன். என்ன ஆனாலும் சரி.

மார்ச் 8, செவ்வாய்

சந்தைக்குப் போனேன். காட்டில் பொறுக்கிச் சேர்த்திருந்த பிசின் மூட்டையைக் கொடுத்துவிட்டு ஒரு வெள்ளைக் கிடா வாங்கினேன். மலைநாட்டு வியாபாரி. “நேத்துதான் லாரியில இருந்து இறக்கினேன், பாருங்க தொடையை” என்றான். தொடை நன்றாகத்தான் இருந்தது. இங்கே எந்த ஆட்டுக்கு இப்போது அப்படித் தொடை இருக்கிறது?

பொழுது சாயும்போது பின்பக்கமாகக் கொண்டுவந்து கன்றுக் கொட்டிலில் அடைத்தேன். தூமே பார்த்துவிட்டாள்.

“அம்மா, இது நம்ம ஊரு ஆடு இல்லையே.”

“உம் புள்ளைக்குப் பால் வேணுமா, வேண்டாமா?”

அவள் குழந்தையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கிடாவுக்கு முள்மரத்துக் காய் போட்டேன். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. இந்தக் காயைத் தின்னத் தெரியாத ஆட்டை இன்றுதான் பார்க்கிறேன்.

ஆடு என்றால் ஆடுதானே. குடல் என்றால் குடல்தானே. மூன்று மழை ஏமாற்றிய பிறகு இதில் என்ன வாழ்கிறது?

மார்ச் 9, புதன்

மூத்தார் விடிந்ததும் வந்துவிட்டார். வேலிப் படலுக்கு வெளியே நின்று, முறைப்படி, மாடு அமைதியா, பிள்ளைகள் அமைதியா, வீடு அமைதியா என்று எல்லாம் கேட்டார். எல்லாம் அமைதி என்றேன். கிடாவைத் தடவிப் பார்த்தார்.

“நம்ம மண்ணுல மேஞ்சதுதானே, ஏலெமா?”

“இங்கயே பொறந்தது, பெரியத்தான்.”

இவ்வளவுதான். வாய் கூசவில்லை, நாக்கு தடுமாறவில்லை. அவர் வேறு எதுவும் கேட்கவும் இல்லை. ஆடு கொடுக்கிறவர் சொல்வதை யாரும் துருவிக் கேட்பதில்லை.

குடல் பார்க்கும் இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. வீட்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறிய பிறகு வாத்தோ ஓடி வந்தாள், கையில் தண்ணீர்க் குடம்கூட அப்படியே. “மழைடி! அடுத்த பிறைக்குள்ள, இந்த மண்ணு மேலயே! மோலு அண்ணன் சொல்லிட்டாராம், இவ்வளவு தெளிவான குடலைப் பாத்து வருசம் ஆச்சுன்னு!” என்னைக் கட்டிக்கொண்டாள். அவளுக்கு மிச்சம் இருப்பது ஒரே மாடு, செவலை, அதுவும் சினை. “என் செவலையை அந்தப் பொட்டல்ல நடத்த வேண்டாம். உன் ஆடு நல்ல ஆடு” என்றாள்.

எல்லோரும் இங்கேயே இருப்பதாக முடிவாகிவிட்டது.

கறியில் என் வீட்டுப் பங்கும் வந்தது. தூமே சட்டியைக் கிளறிக்கொண்டே சொன்னாள்: “இந்த வறட்சியில எவ்வளவு கொழுப்பு பாரு, அம்மா.” நான் சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்றேன்.

மார்ச் 13, ஞாயிறு

மேகம் இல்லை.

மார்ச் 15, செவ்வாய்

சும்மா சும்மா வெளியே போய் வானத்தைப் பார்க்கிறேன். தூமே கேட்டேவிட்டாள், கழுத்து சுளுக்கிக்கொள்ளாதா என்று. வாத்தோவோ பாட்டுப் பாடிக்கொண்டு தன் வீட்டுச் சாணிச் சுவரைப் பூசுகிறாள். மழைக்கு முன்னால் பூசிவிட வேண்டுமாம். பூசுவதற்குத் தண்ணீர் அவளுடைய குடிதண்ணீர்ப் பங்கிலிருந்து.

அவள் கண்ணில் படாமல் பின்பக்கமாகவே போய்வருகிறேன்.

மார்ச் 17, வியாழன்

இன்று கிணற்றடியில் ஒரு லாரி ஓட்டுநர் நின்றான். கிணற்றுக்குள் ஆட்கள் ஒருவர் மேல் ஒருவராக நின்று தோல் வாளியை மேலே எறிந்துகொண்டிருந்தார்கள், நாங்கள் முறைக்காகக் காத்திருந்தோம். அவன் காலிலும் சக்கரத்திலும் சேறு. சேறு! எல்லோரும் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். மலைநாட்டில் நான்கு நாளாக விடாமல் கொட்டுகிறதாம், பாலம் உடைந்து சாலை நின்றுவிட்டதாம்.

“அங்க ஆரம்பிச்சாச்சு, இனி இங்கதான்” என்றார் ஒருவர். எல்லோரும் சிரித்தார்கள். நான் தண்ணீர் டப்பாவை அப்படியே கீழே வைத்தேன்.

அந்தக் கிடா மேய்ந்த மண். அந்த மண்ணுக்கு மழை. குடல் அதைத்தான் சொல்லியிருக்கிறது, இம்மி பிசகாமல் சொல்லியிருக்கிறது. மூத்தார் படித்ததில் தப்பு இல்லை. அது யாருடைய மழை என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அட பாவி, குடல் பொய் சொல்லலைடி, நீதான் சொன்னே.

அப்படியானால் எங்கள் மண்ணுக்கு? புள்ளியின் வயிற்றுக்குள் இருக்கிறது பதில். கொட்டிலில் நின்று அசைபோடுகிறது.

மார்ச் 18, வெள்ளி

சொல்லணும். யார்கிட்ட? எப்படி?

மார்ச் 20, ஞாயிறு

காலையில் செவலை எழுந்திருக்கவில்லை. வாத்தோ கூப்பிட, மூன்று பேர் போனோம். வாலை ஒருத்தி, கொம்பை ஒருத்தி, வயிற்றுக்கடியில் தடியைக் கொடுத்து நான். தூக்கி நிறுத்தியதும் கால் நடுங்கிக்கொண்டு நின்றது. வாத்தோ அதன் காதுக்குள், “இன்னும் கொஞ்ச நாள்டி தங்கம், வந்துரும், வந்துரும்” என்றாள். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாயைத் திறந்தேன். “தண்ணி காட்டினியா?” என்று கேட்டுவிட்டு வந்துவிட்டேன்.

குன்றின் மேல் ஏறி, சிக்னல் கிடைக்கும் பாறையில் நின்று தீதாவைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

“எங்கண்ணன் மூஞ்சியில கரியைப் பூசிட்டியேடி.”

“என்ன செய்யட்டும், சொல்லுங்க.”

“ஒண்ணும் செய்யாதே. வாயை மூடிக்கிட்டு இரு. மழை வந்துட்டா யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம்.”

“வரலைன்னா?”

“வரலைன்னா எல்லாருக்கும்தான் வரலை. பொய்க்கிறது புதுசா?”

இறங்கி வரும்போது கோபம் கோபமாக வந்தது. அவர் ஒட்டகங்களோடு இருக்கிறார். ஒட்டகத்துக்கு என்ன கவலை! ஆனால் அவர் சொன்னது ஆறுதலாகவும் இருந்தது என்பதை இங்கே மறைத்து என்ன பயன். வாயை மூடிக்கொண்டு இருப்பது சுலபமான வேலை.

மார்ச் 23, புதன்

மதியத்துக்கு மேல் தெற்கே கறுத்தது! குழந்தைகள் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். புழுதி வாசனை வந்தது. என் கையில் ஒரு சொட்டு விழுந்தது, சத்தியமாக விழுந்தது. நானும் ஓடினேன். வா, வா, என்னைக் காப்பாத்து என்று வாய்விட்டே கேட்டேன். பிறகு காற்று திரும்பியது. சாயங்காலம் நட்சத்திரம் எல்லாம் பளிச்சென்று.

“குடல் சொன்னது நெருங்கிருச்சு” என்கிறார்கள் எல்லோரும். நேற்று வரை கிளம்பலாமா என்று முணுமுணுத்தவர்களும் இப்போது அடங்கிவிட்டார்கள். அந்த ஒரு சொட்டு கெடுத்துவிட்டது.

மார்ச் 25, வெள்ளி

கோடி வீட்டில் இரண்டு பசு. இன்று காலையில். தூக்க ஆள் போனபோதே கண் நிலைகுத்திவிட்டது.

நான் ஓடையைத் தாண்டிப் போனேன். மூத்தார் கன்றுக்குட்டிக்கு இலை ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்தார். அமைதியா, அமைதியா என்று ஆரம்பித்தார். “அமைதி இல்லை, பெரியத்தான்” என்றேன். அப்படிச் சொல்வது வழக்கமில்லை. அவர் கையிலிருந்த கிளையைக் கீழே வைத்தார்.

“அந்தக் கிடா இங்க பொறந்தது இல்லை. சந்தையில வாங்கினது. மலைநாட்டு ஆடு.”

திட்டுவார், கைத்தடியை ஓங்குவார் என்று நின்றேன். அவர் கீழே உட்கார்ந்துவிட்டார்.

“இரைப்பையில தவிடு இருந்துச்சு” என்றார்.

எனக்கு விளங்கவில்லை.

“அறுத்ததும் பாத்தேன். தவிடு. நம்ம காய், நம்ம கொழுந்து ஒண்ணுகூட இல்லை. நிவாரணத் தவிடு போட்டிருப்பேன்னு நினைச்சுக்கிட்டேன்.” தலையை ஆட்டினார். “இல்லை. அப்படி நினைக்கணும்னு நினைச்சேன். மூணு பருவமா நான் கெட்ட சேதியா சொல்லிச் சொல்லி, என்னைக் கண்டாலே ஜனங்க முகத்தைத் திருப்புது. இந்தக் குடல் நல்லதாச் சொல்லுச்சு. உங்கிட்டத் திரும்ப வந்து கேக்க மனசு வரலை, ஏலெமா.”

எனக்கு அவர் மேல் ஆத்திரம்கூட வந்தது. கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பேனே! சொல்லியிருப்பேனா?

“நாளைக்குச் சபையில சொல்லணும்” என்றார். “தவிட்டை நான் சொல்றேன். ஆட்டை நீ சொல்லு.”

மார்ச் 26, சனி

சொல்லியாயிற்று.

பெண்கள் பேசும் இடம் இல்லை அது. மூத்தார் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார். பேரன் புள்ளியின் பாலில் இருக்கிறான் என்றேன், அதனால் மாற்றினேன் என்றேன், பொய் சொன்னேன் என்றேன். ஒரே இரைச்சல். “ஒரு கோப்பைப் பாலுக்கு ஊர் மாட்டையே குடுத்துட்டாளே!” கோடி வீட்டுக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். “கேட்டிருந்தா நான் ஒரு ஆடு தந்திருப்பேனே, தாயி” என்று மட்டும் சொன்னார். திட்டியவர்களைவிட அவர் சொன்னதுதான் தாங்க முடியவில்லை.

மூத்தார் எழுந்து தவிட்டைச் சொன்னார். இனித் தன்னைக் கேட்காதீர்கள், வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். “அதை அப்புறம் பேசலாம். முதல்ல ஆட்டைக் கொண்டாங்க” என்று யாரோ கத்தினார்கள்.

நானே புள்ளியை ஓட்டிக்கொண்டு போனேன். அது பழக்கத்தில் என் பின்னாலேயே வந்தது, கயிறுகூட வேண்டியிருக்கவில்லை. வீட்டுக்கு வந்து தூமேவின் முகத்தைப் பார்க்காமல் அடுப்பை ஊதினேன்.

புள்ளியின் குடலையும் மூத்தாரையே பார்க்க வைத்தார்களாம். வறட்சி. இந்த மண்ணில் ஒன்றும் இல்லை. மேற்கே கொஞ்சம் பச்சை தெரிகிறதாம். விடிந்ததும் கிளம்ப வேண்டும். மாடுகளுக்கு நடக்கத் தெம்பு இருக்கிறதா இல்லையா என்று இப்போது யார் கேட்பது?

வாத்தோ பெண்கள் கூட்டத்தில்தான் நின்றாள். என்னைப் பார்க்கவில்லை.

மார்ச் 27, ஞாயிறு

வீட்டைப் பிரித்து, மூத்தாரிடம் இரவல் வாங்கிய ஒட்டகத்தில் கட்டினோம். செவலையைத் தூக்கும் சத்தம் கேட்டு ஓடினேன். தடியைப் பிடித்தேன். வாத்தோ என் கையிலிருந்து அதை வாங்கி வேறொருத்தியிடம் கொடுத்தாள். அவள் பூசிய சுவர் புதுசாக, வழவழவென்று, கதவில்லாமல் நின்றது.

மார்ச் 30, புதன்

செவலை படுத்துவிட்டது. வயிற்றில் கன்றோடு. இனி எழாது. வாத்தோ பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள். மந்தை நிற்க முடியாது. இரண்டு பெண்கள் அவளைப் பிடித்துத் தூக்கி நடத்திக்கொண்டு வந்தார்கள். நான் அந்த இரண்டு பேரில் ஒருத்தியாக இருந்திருக்க வேண்டியவள்.

அன்றைக்குக் கிளம்பியிருந்தால் அது நடந்தே வந்திருக்கும்.

ஏப்ரல் 4, திங்கள்

சமவெளி. புல் வெளுத்துப் போயிருக்கிறது, ஆனால் புல். மாடுகள் தலையைக் குனிந்தது குனிந்தபடி. வந்து சேர்ந்தவை பாதிக்கு மேல் என்கிறார்கள்.

குழந்தைக்குப் பால் மூத்தார் வீட்டிலிருந்து வருகிறது. கோடி வீட்டுக்காரர்கூட ஒரு நாள் அனுப்பினார். கைக்குழந்தைக்குப் பால் மறுக்கிற வழக்கம் எங்களிடம் இல்லை. வாயைத் திறந்து கேட்டிருந்தால் அன்றைக்கும் வந்திருக்கும். என்னடி பெரிய மானம்!

ஏப்ரல் 12, செவ்வாய்

யாரும் என்னைத் திட்டுவதில்லை. மாடு அமைதியா என்று கேட்கிறார்கள், அமைதி என்கிறேன், போய்விடுகிறார்கள். வாத்தோ அதுவும் கேட்பதில்லை. தண்ணீருக்குப் போகும்போது நான் வருவது தெரிந்தால் நடையை மாற்றிக்கொள்கிறாள். இருபது வருடமாகச் சேர்ந்து தண்ணீருக்குப் போனவள். நாலு அறை விட்டிருந்தால்கூட நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

ஏப்ரல் 21, வியாழன்

பழைய இடத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். அங்கே இன்னும் ஒரு துளி இல்லையாம். கிணற்றைச் சுற்றி எலும்பாம். “நல்ல வேளை வந்துட்டோம்” என்று எல்லோரும் சொன்னார்கள். இனியும் நீங்களே குடல் பாருங்கள் என்று மூத்தாரை மறுபடி உட்காரவைத்து, மரியாதையாகக் காப்பிக் கொட்டை வறுத்துக் கொடுத்தார்கள். நல்லதுதான். அந்த மரியாதை அவருக்கு வேண்டியிருந்தது.

ஏப்ரல் 28, வியாழன்

மாடு முழுக்கப் போன வீடுகளுக்குக் குலத்தார் ஆளுக்கொன்று சேர்த்துக் கொடுக்கிறார்கள். எங்கள் பங்குக்கு நோஞ்சான் கன்று ஒன்றைக் கொடுத்தால் போதும் என்று தீதா சொல்லி அனுப்பியிருந்தார். நான் கறுப்புக் கிடாரியை அவிழ்த்தேன். வீட்டில் மிச்சம் இருப்பதில் நல்லது அதுதான். மூத்தாரிடம் ஒப்படைத்து, எந்த வீட்டுக்கு என்று சொன்னேன். யார் கொடுத்தது என்று சொல்ல வேண்டாம் என்றும் சொன்னேன். “மாடு ஊமையா? எல்லாருக்கும் அடையாளம் தெரியுமே” என்றார். ஆனாலும் சரி என்றார்.

மே 2, திங்கள்

தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பும்போது வாத்தோ வழியில் நின்றாள். இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

“மாட்டைக் குடுத்துட்டா சரியாப் போச்சாடி? ஏன்டி, உனக்கு அறிவிருக்கா? ஒரு வேலிதானே நடுவுல! ‘வாத்தோ, ஆடு இல்லைடி’ன்னு ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வலிச்சுதா? அன்னைக்கு உன்னைக் கட்டிக்கிட்டேனே, கல்லு மாதிரி நின்னியேடி பாவி, தண்ணியைக் கரைச்சு நான் சுவரு பூசுறதைப் பாத்துக்கிட்டு இருந்தியே! என் செவலை உன்னை என்னடி செஞ்சுது?”

தண்ணீர் டப்பாக்களைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். அவள் கூடவே வந்தாள், அங்கிருந்து வீடு வரைக்கும், மூச்சு விடாமல். என்னை, தீதாவை, என் பிறந்த வீட்டை, என் சமையலை, ஒன்று பாக்கி வைக்கவில்லை. சின்னப் பிள்ளைகள் வேடிக்கை பார்த்துக்கொண்டு பின்னால் வந்தன. நான் அழுதுகொண்டே வந்தேன். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

வாசலுக்கு வந்ததும் நின்றாள். தொண்டை கட்டிவிட்டது அவளுக்கு.

“அந்தக் கிடாரி கழுத்துல கயிறு அறுத்துப் புண்ணாக்கி வச்சிருக்கே. இத்தனை நாளா பாக்கலையா, கண்ணு அவிஞ்சு போச்சா?”

“பாக்கலை.”

“வேற எதைத்தான் பாத்தே! புண்ணுக்குப் போடக் கொழுப்பு இருந்தா எடுத்துக்கிட்டு வா. நான் பிடிச்சுக்கிறேன், நீ தடவு.”

எடுத்துக்கொண்டு போனேன்.